தனி நாயகனும் ஆட்டக்காரர் உருவாக்கும் குழுவும் (கணினிப் பாத்திரமேற்பு ஆட்டங்கள்)

கணினிப் பாத்திரமேற்பு ஆட்டங்களை, ஆட்டக்காரர் எத்தனை பாத்திரங்களைத் தாமே உருவாக்கி ஆள்கிறார் என்பதைக் கொண்டு இரண்டு மரபுகளாகப் பிரிக்கலாம். தனி நாயக மரபில் ஆட்டக்காரர் ஒரே ஒரு பாத்திரத்தை உருவாக்குகிறார் அல்லது ஏற்கனவே படைக்கப்பட்ட ஒருவரை ஏற்கிறார். உடன் வரும் தோழர்கள் ஆட்டத்தை எழுதியவர்களின் படைப்புகள் ஆவர். குழு மரபில் நால்வர் முதல் அறுவர் வரையிலான முழுக் குழுவையும் ஆட்டக்காரரே உருவாக்குகிறார். அவர்களின் பெயர், இனம், தொழில், ஆற்றல் எண்கள் யாவும் அவர் முடிவு செய்பவை. போர் முறை, கதை, உரையாடல், மரணத்தின் பொருள் ஆகிய அனைத்தும் இந்த ஒரு தேர்வால் மாறுபடுகின்றன.

தோற்றம்

இரு மரபுகளுக்கும் தாய், கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட டஞ்சன்சு அண்டு டிராகன்சு என்னும் மேசை ஆட்டமாகும். அதில் நண்பர்கள் சிலர் கூடி அமர்ந்து, ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடுவர். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாத்திரமே நாயகன். எல்லோரும் சேர்ந்தால் குழு. கணினியின் முன் ஒருவர் மட்டுமே அமர்ந்திருக்கும்போது இவ்விரண்டில் எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்ற கேள்வி எழுந்தது. 1975 அளவில் பிளேட்டோ கணினி வலையமைப்பில் எழுதப்பட்ட தொடக்க கால ஆட்டங்களுள் பெடிட்5 தனி ஒருவரை நிலவறைக்குள் அனுப்பியது. அதே வலையமைப்பில் பின்னர் வந்த ஊப்லியெட் பலர் இணைந்து குழுவாக ஆட வழி செய்தது.

விசார்ட்ரி

ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் ஆகியோர் எழுதி 1981இல் சர்-டெக் நிறுவனம் ஆப்பிள் II கணினிக்கு வெளியிட்ட விசார்ட்ரி, மேசையைச் சுற்றி இருந்த நண்பர் கூட்டம் முழுவதையும் ஒரே ஆட்டக்காரரின் கையில் ஒப்படைத்தது. அறுவர் கொண்ட குழுவில் முன்வரிசை மூவர் மட்டுமே கைகலப்பில் ஈடுபட இயலும். பின்வரிசை மூவர் மந்திரம் முதலியவற்றை நம்பி நிற்பர். எனவே, யாரை எங்கே நிறுத்துவது என்பதே ஆட்டத்தின் முதல் முடிவாக அமைந்தது. நல்லோரும் தீயோரும் ஒரே குழுவில் புறப்பட இயலாது என்ற விதி அம்முடிவை மேலும் கடினமாக்கியது.

இப்பாத்திரங்களுக்கு ஆட்டத்தில் ஒரு வரி வசனமும் கிடையாது. ஆயினும் விசார்ட்ரி ஆடியோர் தம் பாத்திரங்களின் மேல் கொண்ட பற்று பெரிது. அதற்குக் காரணம், அவர்கள் உண்மையாகவே இறக்கக் கூடியவர்கள் என்பது. நிகழ்ந்தவை உடனுக்குடன் நெகிழ்வட்டில் எழுதப்பட்டுவிடும். குழு முழுவதும் மாண்டால் உடல்கள் நிலவறையிலேயே கிடக்கும். நகரில் எஞ்சியுள்ளோரைக் கொண்டு இன்னொரு குழு அமைத்து, அதே ஆழத்திற்கு இறங்கி உடல்களைத் தேடி எடுத்து வர வேண்டும். கோயிலில் பொன் செலுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சி தோற்றால் உடல் சாம்பலாகும். சாம்பலை உயிர்ப்பிக்கும் முயற்சியும் தோற்றால் அப்பாத்திரம் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். வட்டின் நகலை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு இவ்விதியை ஏய்த்தவர்களும் உண்டு.

இம்மரபில் மைட் அண்டு மேசிக் (1986), பூல் ஆஃப் ரேடியன்சு (1988) முதலியவை தொடர்ந்தன. எசு.எசு.ஐ நிறுவனத்தின் பூல் ஆஃப் ரேடியன்சில் உருவாக்கிய குழுவை 1989, 1990, 1991ஆம் ஆண்டுகளில் வந்த மூன்று தொடர்ச்சிகளுக்கும் மாற்றிக் கொண்டுசெல்ல முடிந்தது. ஒரே அறுவரை நான்கு ஆட்டங்களில் வளர்த்தவர்களுக்கு, எழுதப்பட்ட கதையைக் காட்டிலும் அக்குழுவின் வரலாறே பெரிய கதையாக இருந்திருக்கும்.

அல்டிமா IV

ரிச்சர்ட் கேரியட்டின் அல்டிமா (1981) ஒருவரை மட்டும் கொண்டது. அல்டிமா III (1983) நால்வர் குழுவை உருவாக்கச் செய்தது. ஆனால் 1985இல் வந்த அல்டிமா IV மீண்டும் ஒருவரிடமே திரும்பியது. இத்திருப்பம் கருத்தினால் நேர்ந்தது. எட்டு அறங்களைக் கடைப்பிடித்து ஆட்டக்காரர் தாமே அவதாரம் என்னும் நிலையை அடைவதே இவ்வாட்டத்தின் குறிக்கோள். அறப்பொறுப்பை அறுவருக்குப் பங்கிட்டால் அது யாருடையதும் ஆகாது. தொடக்கத்தில் ஆற்றல் எண்களைக் கூட்டிக் குறைப்பதற்கு மாறாக, குறிசொல்லும் பெண் ஒருத்தி அறச்சிக்கல்களைக் கேள்விகளாகக் கேட்கிறாள். விடைகளே தொழிலை முடிவு செய்கின்றன. மற்ற ஏழு தொழில்களைச் சேர்ந்த எழுவர் தோழர்களாகச் சேரலாம். குழு இருக்கிறது, ஆனால் அது நாயகனின் குழு. பின்னாளைய ஆட்டங்கள் பலவற்றின் வடிவம் இதுவே.

இதே காலத்தில் சப்பானில் நிலை வேறாக இருந்தது. டிராகன் குவெசுட்டு (1986) ஒருவருடன் தொடங்கி, இரண்டாம் பாகத்தில் (1987) முன்னரே படைக்கப்பட்ட மூவராகி, மூன்றாம் பாகத்தில் (1988) நாயகனுடன் செல்வோரை மதுக்கடை ஒன்றில் ஆட்டக்காரரே உருவாக்கிக்கொள்ளும் முறைக்கு வந்தது. பின்னர் எழுதப்பட்ட பாத்திரங்களே அங்கு மேலோங்கின.

1990களும் நாயகனின் எழுச்சியும்

பெதசுடாவின் தி எல்டர் சுக்ரோல்சு: அரீனா (1994) முதலில் ஊர் ஊராகச் சென்று போரிடும் மற்போர்க் குழு ஒன்றைப் பற்றிய ஆட்டமாகத் திட்டமிடப்பட்டது. வளர்ச்சியின்போது அது தனி ஒருவரின் பயணமாக மாறிவிட, அரீனா என்ற பெயர் மட்டும் எஞ்சியது. முதலாள் நோக்கில் ஓர் உலகைச் சுற்றிப் பார்ப்பவருக்கு ஓர் இணைக் கண்களே போதும் என்பது இத்தொடரின் பின்னாளைய வெற்றிகளால் உறுதிப்பட்டது. ஃபால்அவுட் (1997) தோழர்களைச் சேர்க்க விட்டாலும் அவர்களைக் கணினியே இயக்கியது. இயன் என்னும் தோழர் எதிரியைக் குறிவைத்து ஆட்டக்காரரின் முதுகில் சுடுவதில் பெயர் பெற்றவர்.

பயோவேரின் பால்டர்சு கேட் (1998) அல்டிமா IV காட்டிய வழியை முழுமையாக்கியது. ஆட்டக்காரர் ஒருவரை உருவாக்குவார். வழியில் சந்திக்கும் தோழர்களுள் ஐவரைச் சேர்த்துக்கொண்டு அறுவரையும் போரில் தாமே இயக்குவார். இதன் இரண்டாம் பாகத்தில் (2000) 16 தோழர்கள் உள்ளனர். இவர்களுள் ஐவரைத் தேர்ந்தெடுக்க 4,368 வழிகள் உண்டு. அத்தனைக்கும் தனித்தனியே எழுதுவது ஆகாத காரியம். ஆனால் இருவர் இருவராக எடுத்துக்கொண்டால் 120 இணைகளே வரும். தோழர்களின் பூசல்களும் கிண்டல்களும் பெரும்பாலும் இணைகளாக எழுதப்பட்டதன் பின்னே இந்த எளிய கணக்கு உள்ளது. ஆட்டக்காரர் உருவாக்கும் அறுவருக்கு இக்கணக்கும் உதவாது. எழுதுபவருக்கு அவர்கள் யாரென்றே தெரியாது.

அதே பொறியில் பிளாக் ஐல் உருவாக்கிய ஐசுவிண்டு டேல் (2000) அறுவரையும் ஆட்டக்காரரிடமே விட்டது. அதே நிறுவனத்தின் பிளேன்சுகேப்: டார்மென்ட்டு (1999) எதிர்முனைக்குச் சென்று, பெயரற்ற ஒருவனை மட்டும் தந்தது. ஒரே பொறியில், ஒரே காலத்தில் மூன்று விடைகளும் கிடைத்தது இவற்றை ஒப்பிட விரும்புவோருக்கு நல்வாய்ப்பாகும்.

மரணம்

பால்டர்சு கேட்டில் நாயகன் இறந்தால் ஆட்டம் அங்கேயே முடிகிறது. இறந்தோரை எழுப்பும் மந்திரம் அறிந்த குரு பக்கத்திலேயே நின்றாலும் பயனில்லை. இதற்குக் கதையில் ஒரு காரணம் கூறப்படுகிறது எனினும், தோழர் ஐவரும் வாளோடு நிற்கையில் திரை மூடுவது பலருக்கு உறுத்தலாகவே இருந்தது. ஐசுவிண்டு டேலில் ஒருவர் மிஞ்சினாலும் ஆட்டம் தொடரும். பிளேன்சுகேப்பில் நாயகன் சாகாவரம் பெற்றவன். இறந்து மீண்டும் எழுவதே அக்கதையின் கரு. குழு மரபில் எவரும் இன்றியமையாதவர் அல்லர். அதனாலேயே ஒவ்வொருவரையும் இழக்க முடிகிறது.

உரையாடல்

குழு மரபின் பலவீனம் உரையாடலாகும். ஊர்த்தலைவர் ஒருவர் பேசும்போது அறுவருள் யாரிடம் பேசுகிறார்? ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே முன்னிலைச் சொல் வழங்குவதால் எழுத்தாளர்கள் இதனை எளிதில் மழுப்ப முடிந்தது. நீ, நீங்கள் என்ற வேறுபாடுள்ள தமிழ் போன்ற மொழிகளுக்கு இவ்வாட்டங்களை மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க நேரும்.

இக்குறையைப் போக்க முயன்றவை சில. விசார்ட்ரி 8 (2001) ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முரடர், தனிமை விரும்பி, அறிவாளி என்றவாறு ஒரு குணத்தையும் குரலையும் தேர்ந்தெடுக்கச் செய்தது. அவர்கள் வழியெங்கும் நிகழ்வுகளைப் பற்றித் தம் குணத்திற்கேற்பக் கருத்துரைப்பர். நெவர்விண்டர் நைட்சு 2இன் விரிவாக்கமான சுடார்ம் ஆஃப் சேகிர் (2008), உரையாடலின் நடுவே பேசுபவரை மாற்றிக்கொள்ள விட்டது. மிரட்ட வேண்டிய இடத்தில் வீரரும், சமாதானம் பேச வேண்டிய இடத்தில் பாணரும் முன்வரலாம். சோலாசுட்டா (2021) ஆட்டக்காரர் உருவாக்கிய நால்வரின் பின்புலத்தையும் இயல்பையும் கொண்டு எந்த வரியை யார் பேசுவது எனத் தானே பங்கிட்டது.

கலப்பு முறைகள்

தூய வடிவங்களை விடக் கலப்பு வடிவங்களே மிகுதி. டஞ்சன் மாசுட்டர் (1987) 24 பேரின் கண்ணாடிகளைச் சுவர்களில் மாட்டி வைத்து நால்வரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. வேசுட்லேண்டு (1988) ஆட்டக்காரர் உருவாக்கிய நால்வருடன், சொல் பேச்சைச் சில நேரம் கேளாத தோழர்களையும் சேர்த்தது. பால்டர்சு கேட்டின் பலர் ஆடும் முறையைத் தனியாகத் திறந்து அறுவரையும் தாமே உருவாக்கிக்கொள்வது, அவ்வாட்டம் வந்த காலம் முதல் ஆட்டக்காரர்களிடையே பரவியிருந்த உத்தியாகும்.

2012 முதல் கூட்டு நிதி திரட்டல் வழியே பழைய மரபுகள் மீண்டன. வேசுட்லேண்டு 2 (2014) நால்வரை உருவாக்கச் செய்தது. பில்லர்சு ஆஃப் எடர்னிட்டி (2015) எழுதப்பட்ட தோழர்களை வைத்துக்கொண்டே, சத்திரங்களில் பணம் கொடுத்து ஆட்டக்காரர் விரும்பிய பாத்திரத்தை உருவாக்கவும் இடமளித்தது. லாரியன் நிறுவனத்தின் பால்டர்சு கேட் 3 (2023) இதில் வேறொரு அடி எடுத்து வைத்தது. அதில் எழுதப்பட்ட தோழர்களுள் ஒருவரையே நாயகனாக ஏற்று ஆடலாம். தோழர்கள் வேண்டாதவர், முகாமில் உள்ள விதர்சு என்பவரிடம் பொன் கொடுத்துக் கூலிவீரர் மூவர் வரை அமர்த்திக்கொள்ளலாம். கூலிவீரர்களுக்கு எழுதப்பட்ட கதை ஏதும் இல்லை.