ஹார்னெட் கிடைத்த வழி: போர்க்காலப் பதிவேடுகளும் ஆழ்கடல் தேடலும்

ஹார்னெட் மூழ்கிய நேரத்தில் அதன் மாலுமிகளோ துணைக்கப்பல்களோ அருகில் இல்லை. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான அது 1942 அக்டோபர் 27 அதிகாலையில், சாலமன் தீவுகளைச் சேர்ந்த சாண்டா குரூஸ் தீவுகளுக்கு அப்பால், ஜப்பானிய நாசகாரிக் கப்பல்களின் டார்பிடோக்களால் கடலடிக்குப் போனது. அது கிடக்கும் இடம் 76 ஆண்டுகள் தெரியாமல் இருந்ததற்கு ஆழம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதன் கடைசி மணி நேரங்களைப் பற்றி அமெரிக்கத் தரப்பில் நேரடிப் பதிவு எதுவும் இல்லை என்பதும் காரணம். 2019 ஜனவரியில் அது கண்டுபிடிக்கப்பட்டபோது செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டவை கருவிகள். அந்தக் கருவிகளை எங்கே இறக்குவது என்று காட்டியவை பழைய கப்பற் பதிவேடுகள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹார்னெட் பணியில் இருந்த காலம் ஓராண்டும் ஒரு வாரமும்தான். 1941 அக்டோபர் 20 அன்று கடற்படையில் சேர்ந்தது. 1942 ஏப்ரல் 18 அன்று டூலிட்டில் என்ற அமெரிக்க அதிகாரியின் தலைமையில் 16 பி-25 குண்டுவீச்சு விமானங்கள் இதன் தளத்திலிருந்தே கிளம்பி டோக்கியோவைத் தாக்கின. ஜூன் மாதம் மிட்வே சண்டையில் இதன் எட்டாவது டார்பிடோ விமான அணி தன் 15 விமானங்களையும் இழந்தது. அக்டோபர் 26 அன்று ஷோகாகு, சூயிகாகு உள்ளிட்ட ஜப்பானியக் கப்பல்களின் விமானங்கள் இதைத் தாக்கின. அதே ஆண்டு ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கியை மூழ்கடித்த படையணியிலும் இவ்விரண்டும் இருந்தன. ஹெர்மிஸ் கிடப்பது ஐம்பது மீட்டரைச் சற்றே தாண்டிய ஆழத்தில். பயிற்சி பெற்றவர்கள் இன்றும் அங்கே மூழ்கிப் பார்த்து வருகிறார்கள். ஹார்னெட் கிடக்கும் ஆழமோ முற்றிலும் வேறு.

குண்டுகளும் டார்பிடோக்களும் தாக்கிச் செயலிழந்த ஹார்னெட்டை நார்தாம்ப்டன் என்ற குரூசர் கட்டி இழுத்தது. பிற்பகலில் இன்னொரு டார்பிடோ பட்டதும் அந்த முயற்சி கைவிடப்பட்டது. எதிரி கையில் சிக்கக்கூடாதென்று அமெரிக்க நாசகாரிகளான மஸ்டினும் ஆண்டர்சனும் தம் கப்பலையே தாக்கின. 9 டார்பிடோக்களும் 400-க்கு மேற்பட்ட பீரங்கிக் குண்டுகளும் பட்டும் அது மிதந்துகொண்டிருந்தது. எதிரிப் படை நெருங்கவே இரண்டும் விலகிச் சென்றன. எரிந்தபடியே மிதந்த கப்பலை மகிகுமோ, அகிகுமோ என்ற ஜப்பானிய நாசகாரிகள் முடித்துவைத்தன. ஏறக்குறைய 140 மாலுமிகள் உயிரிழந்தனர்.

அன்றைய கடற்பயணத்தில் இடத்தைக் கணித்த முறையையும் கவனிக்க வேண்டும். விடியலிலும் அந்தியிலும் விண்மீன்களை அளந்து நிலையை உறுதிசெய்வார்கள். இடைப்பட்ட நேரத்தில் வேகம், திசை, கழிந்த நேரம் இவற்றைக் கொண்டு கணக்கிடுவார்கள். விமானத் தாக்குதலுக்குத் தப்ப முழு வேகத்தில் வளைந்து வளைந்து ஓடும் கப்பலில் இந்தக் கணக்கு பல மைல் பிசகும். எனவே ஒரே கப்பலின் பதிவை நம்பி ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் தேடுவது வீண் செலவு.

இந்தப் பாடம் படிப்படியாக வந்தது. 1998 மே மாதம் கடலாய்வாளர் ராபர்ட் பல்லார்டு தலைமையிலான குழு, மிட்வே சண்டையில் மூழ்கிய அமெரிக்க விமானந்தாங்கியான யார்க்டவுனை சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தது. அந்தக் கப்பல் மூழ்கியபோது அமெரிக்க நாசகாரிகள் பக்கத்திலேயே இருந்தன. மறு ஆண்டு, ஜப்பானிய விமானந்தாங்கியான காகாவின் சிதைவு ஒன்று மிட்வே அருகே கிடைத்தது. இதற்கு உதவியது எதிரித் தரப்பின் ஏடு: காகாவின் மீது டார்பிடோ ஏவிய நாட்டிலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் பதிவுகளை நௌட்டிகோஸ் நிறுவனம் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தது. என் மதிப்பீட்டில், இத்துறையின் உண்மையான திருப்பம் இதுவே. பதிவேட்டில் உள்ள எண்களை அப்படியே ஏற்காமல், அவற்றின் பிழையையும் சேர்த்து ஆராயும் வழக்கம் இத்தேடலில் அழுத்தம் பெற்றது.

மைக்ரோசாஃப்டை இணைந்து நிறுவிய பால் ஆலன் அமைத்த பெட்ரல் ஆய்வுக்கப்பல் குழு இதே வழியில் சென்றது. 2018 மார்ச்சில் பவளக்கடலில் லெக்சிங்டன் என்ற அமெரிக்க விமானந்தாங்கியைக் கண்டது. அவ்வாண்டு அக்டோபரில் ஆலன் மறைந்த பிறகும் பணி தொடர்ந்தது. 2019 ஜனவரியில் வாஸ்ப் என்ற இன்னொரு அமெரிக்க விமானந்தாங்கி கிடைத்தது. ஹார்னெட்டுக்காகக் குழுவினர், சண்டையின்போது அப்பகுதியில் இருந்த வேறு 9 அமெரிக்கப் போர்க்கப்பல்களின் பதிவுகளில் உள்ள நிலைகளையும் காட்சிக் குறிப்புகளையும் ஒரே வரைபடத்தில் குறித்து, தேடும் பரப்பை வகுத்தனர். தானியங்கி நீரடி ஊர்தியின் முதல் பயணத்திலேயே சோனார் படத்தில் கப்பல் தென்பட்டது. ஆழம் சுமார் 17,500 அடி. பின்னர் கேமராவுடன் இறக்கிய ஊர்தி அதன் அமைப்பையும் சிவி-8 என்ற அடையாளத்தையும் உறுதிசெய்தது.

முதல் பயணத்திலேயே கிடைத்ததை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவது நியாயமல்ல. குண்டு விழும் நேரத்திலும் நேரத்தையும் திசையையும் தவறாமல் எழுதிவைத்த அந்த 9 கப்பல்களின் அதிகாரிகளுக்கு இக்கண்டுபிடிப்பில் முதற்பங்கு உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் பெட்ரல் காகாவின் உடலையும் மற்றொரு ஜப்பானிய விமானந்தாங்கியான அகாகியையும் மிட்வே கடலடியில் கண்டது.

ஹார்னெட் இன்றும் அமெரிக்க அரசின் உடைமை. மூழ்கிய படைக்கலங்களுக்கான 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றி அதைக் குலைப்பதும் அதிலிருந்து ஒரு பொருளை எடுப்பதும் தடைசெய்யப்பட்டவை.