தப்பிய 677 பேர்

2001 ஜனவரி 31, பிற்பகல் 3.55. ஜப்பானில் யாய்சு நகரின் அருகே, ஒரே கம்பெனியின் இரண்டு விமானங்கள் சுமார் 135 மீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று கடந்தன. ஒன்றில் 427 பேர், மற்றதில் 250 பேர். மோதியிருந்தால் விமான வரலாற்றிலேயே பெரிய விபத்து அதுவாகத்தான் இருந்திருக்கும். யாரும் சாகவில்லை. அதனாலேயே எங்கள் தொழிலுக்கு வெளியே அந்த நாளைப் பற்றி அநேகமாக யாருக்கும் தெரியாது.

நான் மீனம்பாக்கத்தில், விமானங்களை வழிநடத்தும் ஏரியா கண்ட்ரோலில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். யாய்சு விவரத்தை முதலில் படித்தபோது எனக்கு விமானங்கள் கண்ணில் வரவில்லை. மைக்கை அழுத்தும் கண்ட்ரோலரின் விரல்தான் வந்தது.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 907, போயிங் 747. டோக்கியோ ஹனேடாவிலிருந்து ஒகினாவாவுக்குக் கிளம்பி ஏறிக்கொண்டிருந்தது. 958, டிசி-10. பூசானிலிருந்து நரிட்டாவுக்கு 37,000 அடியில் வந்துகொண்டிருந்தது. டோக்கோரோசாவா கட்டுப்பாட்டு மையத்தில் அந்த வான்பகுதி ஒரு பயிற்சி கண்ட்ரோலர் கையில் இருந்தது. பக்கத்தில் மேற்பார்வையாளர். திரையில் எச்சரிக்கை வந்ததும் அந்த இளைஞர் 958-ஐக் கீழே இறக்கத் தீர்மானித்தார். சரியான தீர்மானம். வாயில் வந்த எண் 907.

ஏறிக்கொண்டிருந்த 747 மூக்கைத் தாழ்த்தியது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் இரண்டு காக்பிட்டிலும், மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் டிகாஸ் கருவி பேசியது. 907-க்கு ‘ஏறு’, 958-க்கு ‘இறங்கு’. 958-இன் கேப்டன் கருவியைக் கேட்டு இறங்கினார். 907-இன் கேப்டன் தரையிலிருந்து வந்த குரலைக் கேட்டு இறங்கினார். இரண்டும் சேர்ந்தே இறங்கின. மேற்பார்வையாளர் குறுக்கிட்டு, ‘957, இறங்கு’ என்றார். அப்படி ஒரு விமானமே அங்கு இல்லை. பதற்றத்தில் 958 தான் அப்படி மாறியிருந்தது.

கடைசி நொடிகளில் 747-இன் கேப்டன் விமானத்தை இன்னும் வேகமாகக் கீழே தள்ளி, டிசி-10-இன் அடியில் கடந்து போனார். உள்ளே பெல்ட் போடாத பயணிகளும் பணிப்பெண்களும் கூரைக்குத் தூக்கியடிக்கப்பட்டார்கள். பானம் கொண்டுபோன டிராலி ஒன்று கூரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே சிக்கியது. காயம்பட்டவர்கள் 100 பேர். விமானம் ஹனேடாவுக்கே திரும்பியது.

வெளியாட்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிகாஸ் தரையை நம்பி இருப்பதில்லை. எதிரே வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரை நேரடியாகக் கேட்டு, இத்தனை நொடியில் நெருங்குவோம் என்று கணக்கிடுகிறது. இரண்டிலும் கருவி இருந்தால் அவை தங்களுக்குள் பேசி, ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பிரித்துக்கொள்கின்றன. அது என்ன சொன்னது என்பது கண்ட்ரோலர் திரையில் அன்று தெரியாது. பைலட் சொன்னால்தான் தெரியும். இந்தியாவில் 1996 நவம்பர் 12-இல் சர்க்கி தாத்ரிக்கு மேல் சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்த பிறகுதான் இந்தப் பெட்டி நம் வானத்தில் கட்டாயமானது. பெட்டி வந்தால் கவலை தீர்ந்தது என்று எங்களில் பலர் நினைத்தோம். பெட்டியும் மனிதரும் எதிரெதிராகச் சொன்னால் பைலட் யாரைக் கேட்பது? அன்றைய உலக விதிகளில் அதற்கு நேரான பதில் இல்லை. யாய்சு கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

ஜப்பான் அதிகாரிகள் இப்படி இன்னொன்று நடக்காமலிருக்க நடவடிக்கை வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அசையவில்லை. பதினேழு மாதம் போனது.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியில் யூபர்லிங்கன் நகருக்கு மேல் ஒரு ரஷ்ய டுபலேவும் ஒரு சரக்கு போயிங்கும் ஒன்றையொன்று நெருங்கின. ஜூரிக்கில் தனியாளாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ட்ரோலர் டுபலேவை இறங்கச் சொன்னார். அதன் டிகாஸ் ‘ஏறு’ என்றது. சரக்கு விமானத்துக்கு ‘இறங்கு’. யாய்சுவில் நடந்தது அப்படியே, வரி மாறாமல். இந்த முறை 135 மீட்டர் கிடைக்கவில்லை. 71 பேர் போனார்கள், பெரும்பாலும் உஃபா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள். விடுமுறைக்கு ஸ்பெயின் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினேழு மாதத்தின் மேல்தான் கோபம் வருகிறது.

2003 நவம்பரில் விதி மாறியது. தரை எதைச் சொன்னாலும் டிகாஸ் சொன்னபடிதான் பைலட் நடக்க வேண்டும். கருவி கட்டளை தந்துவிட்டது என்பதற்கு அவர் ‘டிகாஸ் ஆர்ஏ’ என்று சொல்லிவிட்டால், ஆபத்து நீங்கியது என்று அவரே சொல்லும்வரை நாங்கள் உயரத்தையும் திசையையும் பற்றி வாய் திறக்கக்கூடாது. வாழ்நாள் முழுக்கப் பேசிப் பேசியே விமானங்களைப் பிரித்தவர்களுக்கு அந்த மௌனம் எளிதில் வரவில்லை. ஆனால் சரியான விதி.

ஜப்பானில் கதை வேறு பக்கம் போனது. இரண்டு கண்ட்ரோலர்கள் மேலும் கிரிமினல் வழக்கு. 2006-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் விடுவித்தது. 2008-இல் உயர் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது, 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, வேலை போனது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. 907, 958 என்று ஒத்து ஒலிக்கும் எண்களை ஒரே வானத்தில் ஒரே காதுக்குக் கொடுத்துவிட்டு, அது தடுமாறியதைக் குற்றமாக்கினால், நாளைக்கு எண்ணை மாற்றிச் சொல்லிச் சமாளித்தவன் அதை வெளியே சொல்வானா? விமானத்தின் எண் எழுதிய ஸ்ட்ரிப்பை விரலால் தொட்டுக்கொண்டு எண்ணைப் படி, பிறகு மைக்கை அழுத்து என்று எனக்கு ஒரு மூத்தவர் கற்றுக்கொடுத்தார். அவர் அதைக் கற்றது, இன்னொருவர் தன் தடுமாற்றத்தை ஒளிக்காமல் சொன்னதிலிருந்து.

கருவியிலும் ஒரு குறை வெளிப்பட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் சேர்ந்து இறங்கும்போது, தன் கட்டளையை மாற்றிக்கொள்ள அதற்குத் தெரியவில்லை. 7.1 என்ற புதிய பதிப்பு அதைச் சரிசெய்தது. எதிரே இருப்பது சொன்னபடி நடக்கவில்லை என்றால், அது தன் விமானத்துக்குக் கொடுத்த கட்டளையைத் திருப்பிப் போடும். ஐரோப்பிய வானத்தில் அந்தப் பதிப்பு எல்லாப் பெரிய பயணிகள் விமானங்களுக்கும் கட்டாயமானது 2015 டிசம்பரில். யாய்சு நடந்து அப்போது ஏறக்குறைய பதினைந்து ஆண்டு.