ஹெல்கா, ஓல்கா ஆன கதை

ஓல்கா என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? எனக்கு ரஷ்யாதான். ஆனால் அது பிறப்பால் ரஷ்யப் பெயரே இல்லை நண்பர்களே!

அதன் மூலம் ஹெல்கா. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழிப் பெண் பெயர். பொருள் 'புனிதமானவள்'. ஆண் என்றால் ஹெல்கி. ஆங்கில 'ஹோலி'யும் இதற்குச் சொந்தக்காரச் சொல்தான். ஆனால் இது கிறிஸ்தவப் புனிதம் அல்ல. ஓடின், தோர் போன்ற தெய்வங்களை வணங்கிய காலத்துப் பெயர்.

சரி, கிழக்கே எப்படிப் போனது? ஸ்வீடன் பக்கத்து வைக்கிங்குகள் ஆற்று வழியே வியாபாரத்துக்குப் போய், கடைசியில் கீவ் நகரில் ஆட்சியே அமைத்தார்கள். அங்கிருந்த ஸ்லாவ் மக்களின் வாயில் 'ஹ' உதிர்ந்தது, முதல் 'எ' 'ஓ' ஆனது. ஹெல்கா ஓல்கா ஆனாள், ஹெல்கி ஓலெக் ஆனான். 10-ஆம் நூற்றாண்டு பைசாந்திய அரண்மனைக் குறிப்பு ஒன்று கீவ் அரசியை 'எல்கா' என்றே எழுதுகிறது. பாதி வழியில் பிடித்த போட்டோ மாதிரி!

அந்த அரசியின் கதை காமர்ஸ் படிக்கும் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணவர் இகோர், திரெவ்லியர் என்ற மக்களிடம் கப்பம் வாங்கிய பிறகும் 'இன்னும் கொடு' என்று திரும்பிப் போனார். 945-இல் அவரைக் கொன்றே விட்டார்கள். ஓல்கா கொடூரமாகப் பழி வாங்கினார், அவர்கள் நகரையே எரித்தார் என்கிறது பழைய ரஷ்ய நாளாகமம். ஆனால் அதோடு நிற்கவில்லை. கப்பம் இவ்வளவு, வசூலிக்கும் இடம் இது என்று வரையறுத்தார். கணவரைக் கொன்றது வாள் மட்டுமல்ல, கணக்கில்லாத வரியும்தான் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பிறகு கிறிஸ்தவரானார். ஞானஸ்நானப் பெயர் ஹெலனா. 969-இல் இறந்தார். பேரன் விளாதிமிர் 988-இல் நாட்டையே கிறிஸ்தவத்துக்கு மாற்றினார். ஆர்த்தடாக்ஸ் சபை பாட்டியைப் புனிதராக்கியது.

எந்தப் பெயரில் தெரியுமா? ஹெலனா என்றல்ல, புனித ஓல்கா என்று! சபை கொடுத்த பெயர் பின்னால் போய்விட்டது. பழைய தெய்வங்களின் காலத்துப் பெயர் நின்றுவிட்டது. 'புனித ஓல்கா' என்றால் 'புனித புனிதமானவள்'. நம்ம 'நடுசென்டர்' மாதிரிதான் :-)

மதம் மாறலாம், மொழி மாறலாம். ஊர் கூப்பிட்டுப் பழகிய பெயரை மாற்றுவதுதான் கஷ்டம்.