குஞ்சின் நிறம் கூறும் கணக்கு

கொச்சியின் பெயரைத் தாங்கிய கோழியினம் ஒன்று உலகெங்கும் வளர்க்கப்படுகிறது. கால்விரல் வரை இறகு மூடிய பருத்த பறவை அது. ஆயினும் நமது மட்டாஞ்சேரிக்கும் தேவராவுக்கும் அதனோடு யாதொரு தொடர்பும் இல்லை. 1840-களில் சீனத்திலிருந்து இங்கிலாந்து சென்ற அக்கோழிக்கு, தென் வியட்நாமைக் குறித்த 'கொச்சின் சைனா' என்ற பெயரை இட்டுவிட்டனர். பெயரைக் கொண்டு பிறப்பை அறிய இயலாது. இறகின் நிறத்தைக் கொண்டும் அதனை முற்றும் அறிய இயலாது என்று காட்டியதே நாம் இன்று காணும் வரலாறு.

கறுப்புச் சேவலையும் வெள்ளைப் பெட்டையையும் சேர்த்தால் குஞ்சின் நிறம் யாது? கோழி வளர்த்தோர் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி இது. பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து மெண்டல் 1866-இல் வெளியிட்ட விதிகள் 1900-இல்தான் உலகின் கவனத்தைப் பெற்றன. விலங்குகளுக்கும் அவை பொருந்தும் என்று 1902-இல் கோழிகளைக் கொண்டு காட்டியவர், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் பேட்சன். அவர் பயன்படுத்திய இனங்களுள் ஒன்று 'இந்தியன் கேம்'. நம் நாட்டு அசீல் சண்டைக்கோழியின் வழிவந்தது அது.

அக்காலத்தில் நீலநிற அந்தலூசியன் கோழி பெரும் புதிராக இருந்தது. நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தாலும் குஞ்சுகளில் ஏறத்தாழ கால்பங்கு கறுப்பு, கால்பங்கு அழுக்கு வெள்ளை, அரைப்பங்கு மட்டுமே நீலம். கறுப்பையும் வெள்ளையையும் கழிவென ஒதுக்கிவந்தனர். ஆனால் ஒதுக்கப்பட்ட அவ்விரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால் பிறப்பவை யாவும் நீலமே! ஒரு கறுப்புக் காரணியும் ஒரு வெள்ளைக் காரணியும் கூடிய நிலையே நீலம் என்பது இதனால் புலனாயிற்று.

இவ்வறிவு விரைவில் வயிற்றுப்பாட்டுக்கும் உதவிற்று. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் தீவனப் பஞ்சம். முட்டையிடாத சேவற்குஞ்சுகளுக்கு வாரக்கணக்கில் தீனியிடுவது வீண் செலவு. அப்போது பேட்சனின் தோழர் பன்னெட் ஒரு வழி கூறினார். சில நிறக் காரணிகளைத் தாய்க்கோழி தன் ஆண்குஞ்சுகளுக்கு மட்டுமே அளிக்கும். பெண்குஞ்சுகள் அவற்றைத் தந்தையிடமிருந்தே பெறும். எனவே பொன்னிறக் காரணியுடைய சேவலை வெள்ளிநிறக் காரணியுடைய பெட்டையோடு சேர்த்தால், ஆண்குஞ்சு வெளிர்நிறமாகவும் பெண்குஞ்சு பொன்னிறமாகவும் பிறக்கும். பிறந்த அன்றே பிரித்துவிடலாம். சேர்க்கையை மாற்றி, வெள்ளிச் சேவலையும் பொன்னிறப் பெட்டையையும் இணைத்தாலோ வேற்றுமை தோன்றாது. பழுப்பு முட்டையிடும் வணிகக் கோழிகளில் இன்றும் இம்முறை கையாளப்படுகிறது.

நமது கொல்லைப்புறக் கோழிகளுக்கும் இக்கணக்கு செல்லுமா? செல்லும், எனினும் அவற்றின் உடலில் பல தலைமுறைக் கலப்பு மறைந்து கிடக்கிறது. வெண்மையிலும் இருவகை உண்டு. வெள்ளை லெகார்னின் வெண்மை கறுப்பை அடக்கி மேலோங்கும். சில்கிக் கோழியின் வெண்மையோ பிற நிறத்தின்முன் ஒடுங்கிவிடும். ஆகவே பெற்றோரின் நிறத்தைப் பார்த்தவுடன் சோதிடம் கூறலாகாது; முன்பு பிறந்த குஞ்சுகளின் நிறத்தையும் குறித்துவைக்க வேண்டும். அப்போதும் பத்து முட்டைகளில் கணக்குச் சற்றுப் பிசகலாம். நூற்றுக்கணக்கில் பொரிக்கும்போதே விகிதம் தெளிவாகும்.

கழிவென்று ஒதுக்கிய கறுப்புக் குஞ்சிலும் வெள்ளைக் குஞ்சிலுமே நீலம் ஒளிந்திருந்தது. எந்தக் குஞ்சையும் விலக்குமுன் அதன் பெற்றோரையும் உடன்பிறப்புகளையும் கணக்கிற் கொள்வதே அறிவுடைமை.