கழுத்தில்லாத தோட்டா

காமர்ஸ் படிக்கிறவனுக்கும் தோட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எங்கள் அரியமங்கலத்திலிருந்து திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை அதிக தூரமில்லை. 1966ல் தொடங்கியது. ஊர்க்காரனுக்கு இந்த ஆர்வம் வராவிட்டால்தான் அதிசயம்.

1857 சிப்பாய் எழுச்சி என்றதும் கொழுப்பு தடவிய தோட்டா நினைவுக்கு வரும். அதற்கு அடுத்து நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என்ஃபீல்டு துப்பாக்கியின் குழாய்க்குள் சுருள் சுருளாகப் பள்ளங்கள் இருக்கும். குண்டு அதில் சுழன்றுகொண்டே வெளியேறுவதால் குறி தவறாமல் வெகுதூரம் போகும். எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அந்தப் பள்ளங்கள் இல்லாத 1858 மாடலை இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். பார்க்க அதே துப்பாக்கிதான். ஆனால் குண்டு சுழலாது, தூரம் போகப் போகக் குறி தவறும். சுழல் துப்பாக்கி வெள்ளைக்காரச் சிப்பாய் கையில்!

இதே யோசனை 20ஆம் நூற்றாண்டில் போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் வந்தது. த்ரீ நாட் த்ரீ (.303) துப்பாக்கியை வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் .410 அங்குலம், அதாவது சுமார் 10.4 மில்லிமீட்டர் வழவழப்பான குழாயுள்ள மஸ்கட்டாக மாற்றினார்கள். மேகசினில் மரக்கட்டையை வைத்து அடைத்துவிட்டார்கள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும்.

இதற்கான தோட்டா புனே அருகே கிர்க்கியில் (இன்றைய கட்கி) தயாரானது. .303 உறையின் வாய்ப்பக்கம் கழுத்துபோல் ஒடுங்கியிருக்கும். இதில் அந்தக் கழுத்தே கிடையாது, நேரான குழல். உள்ளே ஓர் ஈயக்குண்டோ சில பெரிய ரவைகளோ இருக்கும். கிட்டத்தில் இருப்பவரைச் சுடத்தான் உதவும்.

கணக்குப்பிள்ளை புத்தியோடு பாருங்கள். மஸ்கட்டைப் பறித்துப் போனவன் ராணுவத்தின் .303 தோட்டாவை அதில் போட்டுச் சுட்டாலும் மெல்லிய குண்டு அகலமான குழாயில் பிடிமானம் இல்லாமல் போகும். இந்தத் தோட்டாவைத் திருடினாலோ, ராணுவத் துப்பாக்கியில் நுழையவே நுழையாது. அரசாங்கம் தன் காவலர்களையே நம்பவில்லை என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா? சங்கடம் என்னவென்றால், 1947க்குப் பிறகும் சில காலம் இஷாப்பூரில் இந்த மாற்றும் வேலை தொடர்ந்தது.

பிற்காலத்தில் இந்த மஸ்கட்டுகள் பல வெளிநாடுகளுக்கு விற்கப்பட்டன. அங்கே சாதாரண .410 வேட்டைத் தோட்டா பொருந்துவதற்காகப் பலர் தோட்டா அறையைக் குடைந்து அகலமாக்கினார்கள். அதனால் துப்பாக்கி மிஞ்சிய அளவுக்கு அசல் தோட்டா மிஞ்சவில்லை. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அடிப்பாகத்தை. கே.எஃப். என்ற முத்திரை இருந்தால் கிர்க்கி தயாரிப்பு. உறை பித்தளை: சுமார் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். பழைய இரும்புக் கடையில் அதற்கு எடைக்குத்தான் காசு. சேகரிப்பவருக்கோ அந்த இரண்டு எழுத்துதான் மதிப்பு. புளி போட்டுப் பளபளப்பாக்கினால் அந்த மதிப்பும் போச்சு!

ஒரு எச்சரிக்கை. தாத்தா பெட்டியில் மருந்துள்ள தோட்டா கிடைத்தால் நினைவுப்பொருள் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். எத்தனை பழசானாலும் கேப் வெடிக்கலாம். கையில் எடுக்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் இப்படி மஸ்கட் பார்த்த பெரியவர்கள் இருந்தால் விசாரித்துச் சொல்லுங்களேன்.