அரிக்கமேடு: வெற்று நிலமா?

புதுச்சேரி நகரின் தெற்கு விளிம்பில், வீராம்பட்டினத்துக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. பார்வைக்கு அது மரங்கள் நிறைந்த தோப்பு. 18ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடம் ஒன்றின் இடிந்த செங்கற்சுவர்களே கண்ணில் படும். பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூலும் தாலமியும் குறிப்பிடும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து.

1945இல் இங்கு அகழ்ந்தவர் மார்ட்டிமர் வீலர். 1934 முதல் 1937 வரை இங்கிலாந்தில், டார்செஸ்டர் நகரோரத்து மெய்டன் காசில் என்னும் சுண்ணக்கற்குன்றையும் அவரே அகழ்ந்தார். அக்குன்று இன்றும் ஆடு மேயும் புல்வெளி. மக்கள் தடையின்றி உலவும் பொதுவெளி.

இத்தாலிய மட்கலங்களையும் மதுச்சாடித் துண்டுகளையும் கண்ட வீலர், அரிக்கமேட்டை உரோமானிய வணிகத்தால் எழுந்த நிலையமாகக் கருதினார். 1947-50இல் கசாலும், 1989-92இல் விமலா பெக்லியும் மீண்டும் அகழ்ந்தனர். அவ்வணிகத்துக்கு முன்பே இங்கு மக்கள் குடியிருந்தனர் என்பது தெளிவாயிற்று. நம் வரலாற்றில் ஒரு திருத்தம் நிகழ்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே மனைகள் எழுந்திருப்பின், வீலரின் தீர்ப்பே இறுதித் தீர்ப்பாகியிருக்கும்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பு இருந்தும், ஒருபுறம் ஆறு கரையை அரிக்கிறது; மறுபுறம் நகரம் நெருங்குகிறது. செங்கழுநீர் அம்மனின் ஆடித் தேருக்கு வீராம்பட்டினம் செல்லும் அன்பர்கள் இந்த மேட்டிலும் சற்று நடந்து வரலாம். அதனை வெற்று நிலம் என்று எவரேனும் சொன்னால், நாம் மறுத்துரைக்க வேண்டும்.