கண்நீர் அழுத்த நோய்: லேசர் சிகிச்சையும் நோன்பும்

கிளாக்கோமா எனும் கண்நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றி வந்து பார்வை நரம்பைச் சிதைக்கும். இழந்த பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கலாம்.

திறந்த கோண வகைக்கு எஸ்.எல்.டி. எனும் லேசர் சிகிச்சை உண்டு. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் சல்லடைத் திசுவில் லேசர் கதிரைச் செலுத்தி வடிகாலைச் சீராக்குவர். சில நிமிடங்களில் முடியும். அன்றே வீடு திரும்பலாம். அழுத்தம் சுமார் 20 முதல் 30 விழுக்காடு குறையும். ஆண்டுகள் செல்லப் பலன் குறைந்தால் மீண்டும் செய்யலாம். 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முதலில் லேசர் செய்துகொண்டோரில் சுமார் 74 விழுக்காட்டினருக்கு 3 ஆண்டுகளுக்குப் பின்னும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை.

ரமளானில் நோன்பு முறியுமென அஞ்சிச் சொட்டு மருந்தை நிறுத்துவோரைக் காண்கிறோம். கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் நிலை. லேசர் செய்தவரும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்த வேண்டாம். பார்வை அல்லாஹ் தந்த அமானிதம், பேணுவோம்.